பதினாறுக்குப் பதினொன்று

வீட்டை விற்றோம். நாயை அவன் எடுத்துக்கொண்டான்.
படகைப் பிரிக்கத்தான் வக்கீலுக்குத் தெரியவில்லை.
ஒற்றைப்படை வாரம் எனக்கு,
இரட்டைப்படை பிரெய்ஷோவுக்கு.
முப்பதடி நீளத்தை
நாட்காட்டி வைத்து அறுத்துக் கொடுத்தார்கள்.

மார்ச் மாதம், கம்பாதோஸ் துறை.
கிரேன் அதைத் தூக்கி முட்டுக்கட்டைகளில் உட்காரவைத்த அன்று
இருவரும் வந்திருந்தோம்.
தூறல்.
கலீசியாவில் இதை மழையென்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை,
நனைந்தபடியே மறுப்பார்கள்.

தரெய்ஷா சுத்தியலால் புரொப்பெல்லரைத் தட்டினாள்.
மணிபோல் அதிர வேண்டியது
ஊறிய பலகைபோல் தொப்பென்றது.
கத்தி முனையால் சுரண்டினாள்:
மஞ்சளுக்கு அடியில் இளஞ்சிவப்பு,
குழந்தையின் ஈறு நிறம்.
"துத்தநாகம் கரைந்து போயிருக்கு. செம்பு மட்டும் நிக்குது.
வடிவம் அப்படியேதான் இருக்கும்,
ஒரு கயிறு சிக்கினால் பிஸ்கட்."

அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளவென்றே
அச்சில் ஒரு துத்தநாகக் கட்டி பூட்டுவார்கள்.
ஆண்டுக்கொன்று.
அங்கே வெறும் திருகாணி இருந்தது.
"யார் வாரத்தில் மாற்ற வேண்டியது?" என்றாள்.
நான் சிப்பி மிதவைகளைப் பார்த்தேன்.
அவன் தன் காலணியை.

பிறகு தொடங்கியது.
அவனுக்கு மடியும் இதழ் வேண்டும்:
பாய் விரித்ததும் மீன்வால்போல் ஒடுங்கிவிடுமாம்,
அரை நாட் வேகம் மிச்சமாம்.
அரை நாட்டை வைத்து என்ன செய்வாய் என்றேன்.
ஆகஸ்ட் பந்தயத்தில்
பதினோராம் இடத்திலிருந்து ஒன்பதுக்கு வருவேன் என்றான்,
துளிகூடச் சிரிக்காமல்.

எனக்கு மூன்றிதழ், மடியாதது, முரட்டுத்தனமாக.
நான் தனியாக வருகிறவள்.
என் இடம் உள்மூலையில்.
கோடையில் வடகிழக்குக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும்,
கியரைப் பின்னுக்குப் போட்டால்
படகு முதலில் பின்னால் போகாது,
இடப்பக்கம் போகும்.
எல்லாப் படகும் அப்படித்தான் என்பார்கள்.
காபிக்கடை வாசலில் இரண்டு பேர்
அதற்காகவே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

தரெய்ஷா ரசீதின் பின்புறம் கணக்குப் போட்டாள்.
எஞ்சின் இருபது குதிரை. குறுக்களவு பதினாறு அங்குலம்.
பதினொன்று என்பது
ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம்.
"கடல் மரக்கட்டையா இருந்தால்."
இல்லையே?
"இல்லை. பாதி கிட்ட நழுவிடும். அதையும் சேர்த்துத்தான் பதினொன்று."

மடியும் இதழின் விலையைச் சொன்னாள்.
பிரெய்ஷோ நாயின் இடுப்பு அறுவையை நினைத்துக்கொண்டான்,
முகத்தில் தெரிந்தது.
மூன்றிதழோ, கீலுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில்
உரசும் என்றாள் என்னிடம்.
ஆக, இரண்டு இதழ், மடியாதது,
நல்ல வெண்கலம்,
இருவரும் கேட்காத ஒன்று.
ரசீதில் பாதிப் பாதி.

போகும்முன் அவள் எஞ்சின் அறைக்குள் தலைகீழாகத் தொங்கி
அச்சின்மேல் சிவப்பு வண்ணத்தில் ஒரு கோடு இழுத்தாள்.
கோடு மேலே நின்றால்
இதழிரண்டும் கீலின் நிழலில் நெட்டாக ஒளிந்துகொள்ளும்,
தண்ணீருக்கு அங்கே ஒன்றிருப்பதே தெரியாது.
தரைப்பலகையைத் தூக்கி, கையால் சுற்றி,
கியரில் பூட்ட வேண்டும்.
"பொறுமை இருக்கிற ஆள் செய்யட்டும்."
எங்களிடம் அதைச் சொன்னாள்.

இருபத்துமூன்றாம் வாரம்.
பலகையைத் தூக்கினேன்.
பந்தயம் இல்லாத மாதம்,
அவன் கிளம்பிப்போய் இரண்டு நாள்.
சிவப்புக் கோடு உச்சியில் நின்றது.
பக்கத்தில் அச்சைத் தழுவி
புதுத் துத்தநாகக் கட்டியின் காலிப் பெட்டி ஒன்று,
அடுத்த ஆண்டுக்கு என்று
பென்சிலில் என் பெயர்.

திட்டத்தான் வந்தது. பெட்டியையாவது குப்பையில் போட்டிருக்கலாம்.

மாலை ஐந்துக்குத் திரும்பினேன்.
காற்று முதுகில்.
கடைவாசலில் நாற்காலிகள் திரும்பின.
பின் கியர்.
படகு வழக்கம்போல் இடப்பக்கம் போயிற்று.
இடப்பக்கம்
ஒன்றரை மீட்டர் விட்டு வைத்திருந்தேன்.